மக்காவ் சண்டையும் ராயபுரம் தீர்ப்பும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக் கொண்டிருந்த விஷயம். இன்றைக்கு எழுதாவிட்டால் அடுத்த செமஸ்டர் வந்துவிடும், அப்புறம் அவ்வளவுதான்.

யூனியன்வில்லில் டூகுட் குளம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டு சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர். காலையில் அதைச் சுற்றி நடக்கப் போனால், புல்தரையில் சீனப் பெரியவர்கள் ஏழெட்டு பேர் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது போல தாய்-ச்சி செய்து கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் தூரத்தில் நின்று பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்தவர், எண்பதைத் தாண்டியிருப்பார், என் தோள் உயரம்தான் இருப்பார். நானும் பெரிய பயில்வான் மாதிரி போய் நின்றேன்.

"தள்ளு" என்றார்.

தள்ளினேன். அவர் அங்கே இல்லை. அதாவது அங்கேதான் நின்று கொண்டிருந்தார், ஆனால் நான் தள்ளிய இடத்தில் எதுவுமே இல்லை. அடுத்த நொடி நான் புல்லில் மண்டியிட்டுக் கிடந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டிகள் கைதட்டினார்கள்.

இதற்குத் 'துய் ஷோ' என்று பெயர், தள்ளும் கை என்று வைத்துக் கொள்ளலாம். இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டிக்கொண்டு வட்டம் போடுவார்கள். எதிராளியின் விசை எந்தப் பக்கம் வருகிறது என்று தோலாலேயே கண்டுபிடிக்க வேண்டும். வந்தால் விட்டுக் கொடுத்து, தீர்ந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். கால் நகர்ந்தவர் தோற்றார். அடி கிடையாது, ரத்தம் கிடையாது. தாய்-ச்சிக்காரர்கள் தங்களுக்குள் திறமையைச் சோதித்துக் கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு அதிகப்பிரசங்கிக் கேள்வி கேட்டேன்: "இதை வைத்து நிஜமாகவே சண்டை போட முடியுமா?"

அவர் கோபப்படவில்லை. "1954, மக்காவ். போய்ப் பார்" என்றார். "எங்கள் வூ குடும்பத்து ஆசிரியர் மேடையேறிச் சண்டை போட்டார். படம் இருக்கிறது. அவருடைய பேரன் இந்த ஊருக்குத்தான் வந்தார்."

அது உண்மைதான். வூ பாணி தாய்-ச்சியின் ஐந்தாம் தலைமுறை வாரிசான வூ குவாங்-யூ, எடி வூ என்று இங்கே சொல்வார்கள், 1970களில் டொராண்டோவுக்கு வந்து பள்ளி நடத்தியவர். மார்க்கம், ஸ்கார்பரோ பக்கத்து புல்வெளிகளில் இத்தனை பேர் வூ பாணி ஆடுவதற்கு அது ஒரு காரணம். அவருடைய தாத்தா வூ குங்-யீ. மக்காவ் மேடையில் ஏறியவர் அவர்.

அன்றிரவே தேடினேன். யூட்யூபில் கருப்பு வெள்ளையில் சில நிமிடங்கள் கிடைத்தது. ப்ரூஸ் லீ படம் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் பார்த்தால் பெரிய ஏமாற்றம். ஆனால் அந்தச் சண்டை எப்படி வந்தது என்று படிக்கப் படிக்க விடமுடியவில்லை. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வூ குடும்பம் மஞ்சு இனத்தவர்கள். குங்-யீயின் தாத்தா சுவான்-யூ, பெய்ஜிங்கில் அரச காவல்படையில் இருந்தவர். அந்தக் காலத்தில் 'வெல்ல முடியாத யாங்' என்று பெயரெடுத்த யாங் லூ-சானிடமும் அவர் மகனிடமும் கற்றார். சுவான்-யூவின் மகன் வூ ஜியன்-சுவான் அதைத் தனிப் பாணியாக ஆக்கி, 1928ல் ஷாங்காய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து 1930களில் ஹாங்காங்குக்குக் கிளை வந்தது. ஆக, 1950களில் ஹாங்காங்கில் வூ குங்-யீ என்றால் மூன்று தலைமுறைப் புகழைத் தோளில் சுமக்கிற ஆள். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய மனிதர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்.

இதற்கிடையில் தாய்-ச்சி சண்டைக்கு ஆகுமா, அல்லது ஆரோக்கியத்துக்கு மட்டும்தானா என்று ஒரு பேச்சு. (நான் புல்லில் கேட்ட அதே கேள்விதான். எழுபது வருடமாகியும் மாறவில்லை.) எந்தப் பாணிக்காரர் வந்தாலும் தயார் என்கிற தோரணையில் வூ குங்-யீ சொன்னது பத்திரிகையில் வந்தது. பதில் வந்தது வெள்ளைக் கொக்குப் பாணியிலிருந்து. திபெத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பாணி அது. கைகளைக் கொக்கின் சிறகு மாதிரி நீளமாக வீசி அடிப்பார்கள். அந்தப் பாணியின் சான் ஹாக்-ஃபூ முப்பதுகளில் இருந்தார். வூவை விடக் கிட்டத்தட்ட இருபது வயது இளையவர். இரண்டு பக்கமும் பத்திரிகையில் அறிக்கை விட்டுக் கொண்டார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும், கொண்டாட்டம்.

அந்த நேரத்தில்தான், 1953 கிறிஸ்துமஸ் இரவு, ஹாங்காங்கில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி எரிந்தது. ஒரே இரவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஹாங்காங் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட ஆரம்பித்தது இந்த விபத்துக்குப் பிறகுதான். அறிக்கைச் சண்டை இங்கே வந்து அறக்கொடையோடு சேர்ந்து கொண்டது. சண்டை நடக்கட்டும், டிக்கெட் காசு நிவாரணத்துக்குப் போகட்டும் என்று முடிவானது. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் அரசு இந்த மாதிரிப் பகிரங்கச் சண்டையை அனுமதிக்காது. அதனால் கடல் தாண்டி, அப்போது போர்ச்சுக்கல் வசமிருந்த மக்காவ். 1954 ஜனவரி 17. மக்காவின் பெரும் புள்ளியான ஹோ யின் தலைமை தாங்கினார். கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடை. கையுறை கிடையாது. ஆறு சுற்று என்று ஏற்பாடு.

மேடையில் நடந்தது என்ன? இருவரும் முதலில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சான் பாய்ந்து வந்து கைகளை வீசுகிறார். வூ நின்ற இடத்தில் தடுக்கிறார், பதிலுக்கு நேராக நீட்டுகிறார். கயிற்றோரம் தள்ளுமுள்ளு. திடீரென்று விலகுகிறார்கள், மறுபடி சுற்றுகிறார்கள். வூவின் ஒரு அடி சானின் மூக்கில் விழுந்து ரத்தம் வருகிறது. வூவும் வாங்குகிறார். இரண்டாவது சுற்றில் கைச்சண்டை காலுக்குப் போகிறது. உதைக்க ஆரம்பித்ததும் நடுவர்கள் நடுவில் புகுந்து நிறுத்திவிட்டார்கள். மொத்தமாக ஐந்தாறு நிமிடம் கூட இருக்காது.

பிறகு தீர்ப்பு. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை.

இதை நான் மூன்று தடவை படித்தேன். சமன் என்றால்கூட 'இருவரும் ஒரே தரம்' என்று ஒரு முடிவு சொன்னதாக ஆகிவிடும் அல்லவா? ஐம்பது வயதுக்காரரோடு முப்பது வயதுக்காரர் சமன் என்றால் அதிலும் ஒருவருக்கு அவமானம் ஒட்டிக் கொள்ளும். அதனால் அதுவும் வேண்டாம். எழுதியவருக்கு வக்கீல் மூளை இருந்திருக்க வேண்டும். இரண்டு பள்ளிகளின் பெயர்ப் பலகையும் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

பெயர்ப் பலகையைச் சும்மா சொல்லவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் தாத்தா.

எங்கள் தாத்தா ராயபுரம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960களின் கடைசியிலும் எழுபதுகளிலும் பாக்சிங் போட்டவர். பெரிய பெயர் எல்லாம் கிடையாது, முக்கிய சண்டைக்கு முன்னால் இறங்குகிற சில்லறை ஆட்டங்களில் ஒருவர். எந்தப் பரம்பரை என்று இங்கே சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் சொன்னால் சண்டை வரும் :-)

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021ல் வந்த பிறகு இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக்காரனிடமிருந்து வந்த குத்துச்சண்டையை வடசென்னை எடுத்துக்கொண்டு தன்னுடையதாக ஆக்கிவிட்டது. மீனவர்கள், துறைமுகக் கூலிகள், பட்டறைக்காரர்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள். ரத்த வழிப் பரம்பரை இல்லை, வாத்தியார் வழிப் பரம்பரை. சங்கீதத்தில் பாணி என்கிறோமே, அந்த மாதிரி. நிற்கிற விதம், கை தூக்குகிற உயரம், உள்ளே புகுகிற முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சுவரெல்லாம் 'ரோசமான குத்துச்சண்டை' என்று போஸ்டர். பகை என்றால் அப்படி ஒரு பகை. 1980ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். தாத்தா அதைப் பார்த்தாராம். வெகு தூரத்திலிருந்து, ஆனால் பார்த்தாராம். அதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

மக்காவ் வீடியோவை வாட்ஸப்பில் தாத்தாவுக்கு அனுப்பினேன். இவர்கள் யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. சும்மா 'பாத்துட்டு சொல்லு தாத்தா' என்று மட்டும். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"இன்னாடா இது, ரெண்டு பேரும் கண்ண மூடிக்கினு கைய வீசினு கீறாங்க?"

"தாத்தா, அவங்க ரெண்டு பேருமே பெரிய வாத்தியாருங்க."

"வாத்தியாரா! இருக்கட்டும். அந்தப் பெரியவரு பரவால்ல. பின்னால ஓடாம நிக்கிறாரு. ஆனா ஒரு குத்து உட்ட பொறவு அடுத்தது இன்னானு அவருக்கே தெரியல. சின்னவன் இருக்கான் பாரு, மூக்குல ஒண்ணு வாங்கினதும் அவனுக்குப் படிச்சதெல்லாம் மறந்து பூட்ச்சி."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் அடி வாங்கிப் பழக்கம் இல்லடா. அவ்ளோதான் விஷயம்."

எனக்கு லேசாகக் கோபம் வந்தது. காலையில் என்னைப் புல்லில் உட்கார வைத்த பெரியவருடைய பரம்பரை அல்லவா! வெள்ளைக் கொக்குக்காரர்கள் கையை நீளமாக வீசுவது அவர்கள் பாணிதான், பயத்தில் வீசவில்லை என்று சொன்னேன். தாத்தா அதை ஒப்புக் கொண்டார். "அது சரி, அவன் கை அவன் வழக்கம். நான் கையச் சொல்லல, கண்ணச் சொல்றேன்" என்றார். மறுபடி போட்டுப் பார்த்தேன். எழுபது வருடத்துக்கு முந்தைய மங்கலான படத்தில் கண் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் தாத்தா தன் சண்டைகளைப் பற்றிப் பேசும்போது தோற்றதைத்தான் அதிகம் சொல்வார். மொத்தம் பதினாலு ஆட்டம். எட்டு தோல்வி, ஐந்து வெற்றி, ஒன்று சமன். எட்டையும் வரிசையாகச் சொல்லுவார். கண்ணப்பர் திடலில் யாரிடம், எந்த ரவுண்டில், இடது கையா வலது கையா, அடுத்த நாள் வாத்தியார் என்ன திட்டினார், அதற்கப்புறம் எதை மாற்றினார்... எல்லாம். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். என் நண்பர்களுடைய தாத்தாக்கள் எல்லாம் ஒரே அடியில் நாலு பேரைச் சாய்த்தவர்கள். எங்கள் தாத்தா மட்டும் எட்டுத் தடவை தோற்றவர். பள்ளிக்கூடத்தில் அதை எட்டு வெற்றி, ஐந்து தோல்வி என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். (தாத்தா, இதைப் படித்தால் மன்னிச்சுக்கோ.)

இப்போது சீனத்துக்குத் திரும்புவோம். அங்கே சவால் விடுவதும் சோதிப்பதும் எப்படி இருந்தது?

கான்டனீஸில் 'தெக் கூன்' என்று ஒரு சொல் உண்டு. பள்ளியை உதைப்பது என்று பொருள். ஒருவன் நேராக இன்னொரு ஆசிரியரின் பள்ளிக்குள் போய் 'என்னோடு மோது' என்பான். ஆசிரியர் தோற்றால் வாசலில் இருக்கிற பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். படத்தில் பார்க்க ஜோராக இருக்கும். யோசித்துப் பார்த்தால் பயங்கரம். ஆசிரியருக்கு அந்தப் பள்ளிதான் சோறு. மாணவர்கள் கொடுக்கிற மாதச் சம்பளம்தான் வீட்டு வாடகை. பாதிப் பேருக்கு எலும்பு வைத்தியமும் தைல வியாபாரமும் பக்கத் தொழில், அதுவும் பெயரை நம்பித்தான். ஒரே ஒரு மதியம், ஒரே ஒரு வழுக்கல், எல்லாம் போச்சு. சில பாணிகளில் தோல்வி அவரோடு நிற்காது. அவருடைய ஆசிரியர், அவருக்கு ஆசிரியர் என்று செத்துப் போனவர்கள் வரை எல்லோரும் சேர்ந்து தோற்றதாகக் கணக்கு.

இவ்வளவு பணயம் வைத்து யார் அடிக்கடி ஆடுவார்கள்? ஆக, புத்திசாலி ஆசிரியர் சவாலைத் தவிர்ப்பார். 'என் மாணவனை முதலில் ஜெயித்துவிட்டு வா' என்பார். அல்லது 'எங்கள் அடி உயிரைக் கொல்லும், அதனால் ஆட மாட்டோம்' என்பார். அப்படியே மோதினாலும் கதவைச் சாத்திக்கொண்டு. கதவைச் சாத்தினால் வெளியே வருவது ஒன்றுதான்: இரண்டு கதைகள்.

இதற்கு ப்ரூஸ் லீயை விட நல்ல உதாரணம் கிடையாது. 1964 கடைசியில் ஓக்லண்டில் அவருடைய பள்ளியில், கதவைச் சாத்திக்கொண்டு, வோங் ஜாக்-மான் என்கிற இளம் ஆசிரியரோடு ஒரு சண்டை. லீயின் மனைவி லிண்டா அங்கே இருந்தார், மூன்று நிமிடத்தில் லீ ஜெயித்துவிட்டார் என்றார். வோங் பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் நடந்தது, முடிவே இல்லை என்றார்கள். வோங் சீனப் பத்திரிகையில் தன் பக்கத்தை எழுதி, வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் மறுபடி மோதலாம் என்றும் சொன்னார். மறுபடி நடக்கவில்லை. ஒரே அறை, ஒரே சண்டை, மூன்று நிமிடமும் இருபது நிமிடமும்! ஆனால் இதில் எனக்குப் பிடித்தது வேறு. ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்ட லீக்கே அன்றைக்குத் தன் ஆட்டம் பிடிக்கவில்லை. தேவைக்கு மேல் நேரமாகிவிட்டது, மூச்சு வாங்கிவிட்டது என்று தன்னையே நொந்து கொண்டார். தான் கற்ற விங் ச்சுன்னை அதற்குப் பிறகுதான் உடைத்துப் பார்க்க ஆரம்பித்தார். உருப்படியாகக் கிடைத்தது அந்த அதிருப்திதான்.

அதே விங் ச்சுன்னில், லீக்குச் சொல்லிக் கொடுத்த மூத்தவர்களில் ஒருவர் வோங் ஷுன்-லியாங். 1950களில் ஹாங்காங் மொட்டை மாடிகளில், போலீசுக்குத் தெரியாமல், பல பாணிக்காரர்களோடு மோதியவர். இந்த மாதிரி மோதலுக்கு 'கோங் சாவ்' என்று பெயர். பேசும் கைகள். எவ்வளவு அழகான சொல் பாருங்கள்! வாயால் பேசி முடியாததைக் கையால் பேசுவது. இவருக்கு அதிலேயே ராஜா என்று பட்டம். ஆனால் 1957ல் தைவானில் ஒழுங்காக மேடை போட்டு நடந்த போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றார். அதற்காக அவருடைய மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அத்தனை தடவை மோதியவருக்கு ஒரு தோல்வி தாங்கும். ஒரே தடவை மோதுகிறவருக்குத்தான் தாங்காது.

சீனாவில் இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1928ல் நான்ஜிங்கில் மத்திய தேசியக் கலைக் கழகம் தொடங்கி, அதே அக்டோபரில் ஒரு தேசியத் தேர்வு வைத்தார்கள். தேர்வு என்றால் நிஜமாகவே தேர்வு. முதலில் பாடம் ஆடிக் காட்ட வேண்டும், அதில் தேறினால் மோத வேண்டும். எடைப் பிரிவு கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி சேர்த்தார்கள். ஐம்பது கிலோ ஆளுக்குத் தொண்ணூறு கிலோ ஆள் வந்தால் அவன் விதி. காயம் பட்டவர்கள் ஏராளம். அடுத்த வருடம் நவம்பரில் ஹாங்ஜோவில் உயரமான மேடை கட்டி ஒரு போட்டி. முதல் பரிசு ஐயாயிரம் யுவான், ஜெயித்தவர் வாங் சி-ச்சிங். அப்போதே பலருக்கு ஒரு அதிர்ச்சி: பத்திரிகையில் பெயர் அடிபட்ட மூத்த ஆசிரியர்கள் மேடையேறவில்லை, நடுவர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். ஏறியவர்கள் ஆடியதைப் பார்த்தவர்களோ, இதில் எது எந்தப் பாணி என்று பிரித்தே சொல்ல முடியவில்லை என்று குறைப்பட்டார்கள். மேடையில் ஏறினால் எல்லோரும் ஒரே மாதிரிதான் அடித்துக் கொண்டார்கள். இந்த மாதிரி இன்னும் இருபது வருடம் தொடர்ந்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. 1937ல் ஜப்பான் போர் வந்தது. அப்புறம் உள்நாட்டுப் போர். 1949க்குப் பிறகு புது அரசுக்குச் சண்டை வேண்டாம், அழகாக ஆடிக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது.

அதனால்தான் 1954ல் மக்காவில் ஏறிய இரண்டு பேரையும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. ஏறாமல் இருந்திருக்கலாம். பத்திரிகையில் இன்னும் இரண்டு அறிக்கை விட்டுக் காலத்தை ஓட்டியிருக்கலாம். மூன்று தலைமுறைப் பெயரை வைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேல், கேமரா முன்னால், கையுறை இல்லாமல் ஏறுவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்! சானுக்கும் அப்படித்தான். கிழவரை அடித்தால் பெருமை இல்லை, அடி வாங்கினால் மானமே போச்சு. அவருக்கு எந்தப் பக்கமும் லாபம் கிடையாது. பிற்பாடு அவர் ஆஸ்திரேலியா போய் அங்கே வெள்ளைக் கொக்கைச் சொல்லிக் கொடுத்தார்.

தள்ளும் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் அதில் விழுந்தவன் என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நம் சிலம்பத்தில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி என்று எண்ணுகிறோமே, அது போல ஆளைக் கெடுக்காமல் திறமையை அளக்கிற வழி. தினமும் செய்யலாம், எண்பது வயதிலும் செய்யலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தினமும் அதே ஆசிரியர், அதே மாணவர்கள். ஆசிரியர் தொட்டால் விலக வேண்டும் என்று மாணவனின் உடம்புக்கு மரியாதையாலேயே பழகிவிடும். கொஞ்ச நாளில் தொடுவதற்கு முன்னாலேயே துள்ளி விழுவான். ஏமாற்று வேலை இல்லை, அவன் நிஜமாகவே நம்புகிறான். அதை விடப் பரிதாபம், ஆசிரியரும் நம்ப ஆரம்பித்துவிடுவார்.

2017 ஏப்ரலில் செங்டுவில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கலப்புச் சண்டைக்காரரான ஷூ சியாவ்-துங் என்பவர் வெய் லெய் என்கிற தாய்-ச்சி ஆசிரியரை அரை நிமிடத்துக்குள் தரையில் போட்டு அடித்தார். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சீனாவில் பெரிய ரகளை. ஷூவைப் பாராட்டியிருக்க வேண்டாம், கண்டித்தார்கள். தேசியப் பண்பாட்டை அவமதித்தார் என்றார்கள், அவருடைய இணையக் கணக்கை மூடினார்கள். ஷூவின் வாயும் கொஞ்சம் நீளம்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி கேட்டவனை மூடிவிட்டால் கேள்வி போய்விடுமா? அந்த வீடியோவில் எனக்கு அடியை விட மறக்காதது, அடி விழுவதற்கு முன்னால் வெய் லெய் கைகளை நீட்டி நிற்கிற அந்த நிதானம். இது வேலை செய்யும் என்று முழுமனதாக நம்பி நிற்கிறார்.

தாத்தா எட்டுத் தடவை தோற்றதைப் பற்றி இப்போது நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வடசென்னையிலும் பரம்பரை மானம், ரோசம், பகை எல்லாம் சீனர்களுக்குக் குறையாமல் இருந்தது. ரிங்குக்கு வெளியே கத்தி வரைக்கும் போன பகையும் உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே ஒரு ஆள் தோற்றால் பெயர்ப் பலகையைக் கழற்றவில்லை. அடுத்த மாதம் இன்னொரு போஸ்டர் அடித்தார்கள். வாத்தியார் ஏறவில்லை, பையன் ஏறினான். பையன் தோற்றால் வாத்தியார் திட்டிவிட்டுக் காலையில் ஓட வைத்தார். டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கான பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்ததால் மூன்று நிமிடத்தை இருபது நிமிடமாக்க யாராலும் முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கித்தான் எல்லோருக்கும் சோறு. அதனால் தோற்றவன் மறுநாள் வேலைக்குப் போனான், மூக்கு வீங்கியபடி. அந்த வசதி வூ குங்-யீக்கு இல்லை. தாத்தா சொன்ன 'அடி வாங்கிப் பழக்கம்' என்பது உடம்புக்கு மட்டும் சொன்னது இல்லை என்று இப்போது படுகிறது.

ஆனால் மக்காவ் சண்டைக்கு ஒரு பின்கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஹாங்காங் முழுக்க அந்தச் சண்டையைப் பற்றியே பேச்சாக இருந்ததைப் பார்த்து, 'நியூ ஈவினிங் போஸ்ட்' என்கிற மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் லோ ஃபூவுக்கு ஒரு யோசனை. தன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, உடனே ஒரு சண்டைத் தொடர்கதை எழுது என்றார். அந்த மனிதர் அதுவரை நாவலே எழுதியதில்லை. சண்டை நடந்த மூன்றாம் நாள், ஜனவரி 20ஆம் தேதி, முதல் அத்தியாயம் வந்துவிட்டது. லியாங் யூ-ஷெங் என்று புனைபெயர். அடுத்த வருடம் அதே பத்திரிகையில் அவருடைய சக ஊழியரும் ஒரு தொடர்கதை ஆரம்பித்தார், ஜின் யோங் என்ற பெயரில். சீனம் படிக்கிற வீடுகளில் கல்கி, சாண்டில்யன் இரண்டு பேரையும் சேர்த்துப் பெருக்கினால் வருகிற இடம் ஜின் யோங்குக்கு. அவர்கள் கதைகளில் வீரர்கள் கூரை மேல் பறக்கிறார்கள், விரல் நுனியால் ஆளை உறைய வைக்கிறார்கள். மூக்கில் ரத்தம் வந்து, மூச்சு வாங்கி, முடிவில்லாமல் நின்றுபோன சில நிமிடங்களிலிருந்து அத்தனையும் கிளம்பியது.

போன ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரைப் பெரியவரிடம் தாத்தாவின் தீர்ப்பைச் சொன்னேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. அந்தச் சண்டை நடந்தபோது தனக்குப் பத்து வயது இருக்கும் என்றார். அப்பா பேப்பரைச் சத்தமாகப் படித்தாராம், வீட்டில் எல்லோரும் வூ ஜெயித்ததாக முடிவு செய்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டில் வெள்ளைக் கொக்கு படிக்கிற குடும்பம் இருந்தது, அங்கே சான் ஜெயித்ததாக முடிவாம். சிரித்தார். பிறகு, "உன் தாத்தா எத்தனை சண்டை போட்டார்?" என்று கேட்டார்.

"பதினாலு. எட்டு தோல்வி" என்றேன். மாற்றிச் சொல்லவில்லை.

"எட்டா!" என்றார், புருவத்தை உயர்த்தி. "போனில் கூப்பிடு."

ராயபுரத்தில் அப்போது சாயங்காலம். தாத்தா சட்டை இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. பெரியவர் போனைப் பார்த்து ஒரு கையால் முஷ்டியை மூடி வணக்கம் வைத்தார். தாத்தா ஒரு நிமிடம் முழித்தார். அப்புறம் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, மெதுவாக இரண்டு கைகளையும் மேலே கொண்டு வந்தார், இடது கை கொஞ்சம் முன்னால், முகவாய் உள்ளே.

"ஆங்" என்றார் பெரியவர். "இவருக்குத் தெரியும்."

"இன்னாடா சொல்றாரு?" என்றார் தாத்தா, கையை இறக்காமல்.